பத்தொன்பது முட்டைகளும் ஒரு மதிப்புரையும்

'சமையலும் ஒரு கவிதைதான்' என்னும் வாக்கியத்தை அண்மைக்காலமாக இலக்கியக் கூட்டங்களில்கூட அடிக்கடி கேட்க நேர்கிறது. சொல்பவர் பெரும்பாலும் ஆணாக இருப்பார். அவர் சொல்லும் சமையல் ஞாயிற்றுக்கிழமைச் சமையலாக இருக்கும். நமக்கு இவ்வாக்கியத்தில் உடன்பாடில்லை. சமையல் சமையல்தான், கவிதை கவிதைதான். ஒன்றை உயர்த்துவதற்காக மற்றொன்றின் பெயரைக் கடன் வாங்குவது இரண்டுக்கும் செய்யும் அவமரியாதை. ஆயினும், சென்ற டிசம்பரில் ஒரு நண்பருக்காகக் கேக் ஒன்றைச் சுட முயன்றபோது, எழுத்தைப் பற்றி, குறிப்பாக நாமே எழுதிய ஒரு மதிப்புரையைப் பற்றி, இருபதாண்டு வகுப்பறை வாழ்க்கை கற்பிக்காத ஒன்று விளங்கியது. அதைச் சொல்லவே இக்கட்டுரை. கேக் நன்றாக வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

நண்பர் நாகர்கோவில்காரர். மதுரையில் முதுகலைத் தமிழ் படித்த நாட்களில் விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். கிறிஸ்துமஸ் விடுமுறை கழிந்து அவர் திரும்பும்போது, அவருடைய அம்மா பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் கேக் வைத்து அனுப்புவார். அவர்கள் வீட்டில் ஓவன் கிடையாது. கனத்த பாத்திரத்தில் மணலைப் பரப்பி, கலவைத் தட்டை உள்ளே இறக்கி, மூடியின் மேலும் தணலைக் கொட்டிச் சுட்ட கேக் அது. அடிப்பக்கம் சற்றுக் கருகியிருக்கும். அந்தக் கருகலுக்காகவே அறையில் போட்டி நடக்கும். அந்த அம்மா இப்போது இல்லை.

நண்பர் கவிஞர். அவருடைய முதல் தொகுப்பின் கைப்பிரதியை வரிவரியாக வாசித்துக் கருத்துச் சொன்னவர்களுள் நாமும் ஒருவர். மூன்றாம் தொகுப்பு வந்தபோது ஒரு சிற்றிதழில் அதற்கு மதிப்புரை எழுதினோம். கடுமையான மதிப்புரை. அதில் சொன்ன குற்றங்கள் எல்லாம் உண்மையானவை என்றே இன்றும் கருதுகிறோம். உவமைகள் தேய்ந்திருந்தன, பல கவிதைகள் முடிந்த பிறகும் நான்கு வரி நீண்டன. ஆனால் அம்மதிப்புரையின் கடைசிப் பத்தியில் ஒரு பகடி இருந்தது. நூலின் தலைப்பை வைத்துச் செய்த சொல் விளையாட்டு. அச்சில் வந்ததும் பலர் அதை மேற்கோள் காட்டினார்கள். ஒரு கூட்டத்தில் முன்பின் அறியாத ஒருவர் கைகுலுக்கி அதைச் சொல்லிச் சிரித்தார். நண்பரிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அவ்வாறே மூன்றாண்டுகள் போயின. பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பினால் பதில் வாழ்த்து வரும், அவ்வளவே.

இனி எமிலி டிக்கின்சனுக்கு வருவோம். அவர் இக்கட்டுரைக்குள் தாமாக வரவில்லை. ஒப்பிலக்கியப் பாடத்திற்குக் குறிப்புத் தேடியபோது நம் கையில் அகப்பட்டார்.

1830இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆம்ஹர்ஸ்ட் ஊரில் பிறந்து, 1886இல் அதே வீட்டில் மறைந்தவர். ஏறத்தாழ 1,800 கவிதைகள் எழுதியவர். வாழ்ந்தபோது அச்சேறியவை பத்துச் சொச்சம்தான். தமிழ் வாசகர் மனத்தில் அவர் வெள்ளுடை அணிந்து மாடியறையில் கதவடைத்துக்கொண்ட துறவி. ஆனால் அந்த ஊரார் அவரைப் பெரிதும் அறிந்திருந்தது அடுப்பங்கரை வழியாக. 1856இல் ஆம்ஹர்ஸ்ட் கால்நடைக் கண்காட்சியில், கம்புக்கு உறவான ரை தானிய மாவும் மக்காச்சோள மாவும் கலந்து அவர் சுட்ட ரொட்டி இரண்டாம் பரிசு பெற்றது. (கம்புக்கு உறவென்று சொன்னது பழக்கத்தில் சொன்னது, ரை கோதுமைக்குத்தான் நெருங்கிய உறவு.) வீட்டில் தந்தையார் அவர் சுட்ட ரொட்டியைத் தவிர வேறெதையும் விரும்பவில்லையாம். 1870இல் அவரைக் காணவந்த இலக்கியவாதி ஹிக்கின்சனிடம் இதை அவரே சொல்லியிருக்கிறார். பிற்காலத்தில் வெளியாரைப் பார்ப்பதை அறவே குறைத்துக்கொண்ட பிறகும், மாடிச் சன்னலிலிருந்து கயிற்றில் கூடையைக் கட்டி இஞ்சி ரொட்டியை இறக்குவார். கீழே அண்டை வீட்டுப் பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

அவருடைய உறவுப் பெண் லூயிசா நார்க்ராஸ் பிற்காலத்தில் எழுதிய கடிதம் ஒன்றில் அழகான செய்தி உண்டு. குளிர்ச்சியும் அமைதியுமான உக்கிராண அறையில் பாலாடை எடுத்துக்கொண்டே எமிலி எழுதுவார். கதவுக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்த தமக்கு அதைப் படித்தும் காட்டுவார் என்கிறார். தேங்காய்க் கேக்குக்கான செய்குறிப்பு ஒன்று எமிலியின் கையெழுத்தில் கிடைத்திருக்கிறது. அத்தாளின் மறுபக்கத்தில் ஒரு கவிதை. திரும்பி வர இயலாதவற்றைப் பற்றியது. ஒரு பக்கம் ஒரு கோப்பைத் தேங்காய், இரண்டு கோப்பை மாவு. மறுபக்கம் மீளாத குழந்தைமையும் மாண்டவர்களும். இதைக் கண்டு உருகிப்போய், 'பார்த்தீர்களா, சமையலே கவிதையாயிற்று' என்று எழுதியவர்கள் உண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் கடித உறைகளின் உட்புறத்திலும் எழுதினார். சாக்லேட் சுற்றிவந்த தாளிலும் எழுதினார். கையில் கிடைத்த தாளில் எழுதினார் என்பதற்கு மேல் அதில் மாயம் ஒன்றுமில்லை.

நம்மைப் பிடித்துக்கொண்டது வேறொரு தாள். 1883இல் நெல்லி ஸ்வீட்சர் என்னும் தோழிக்கு அவர் கடிதத்தோடும் பூக்களோடும் அனுப்பிய 'கறுப்புக் கேக்' செய்குறிப்பு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹோட்டன் நூலகத்தில் அது இருக்கிறது. மாவு, சர்க்கரை, வெண்ணெய் தலா 2 பவுண்டு. உலர்ந்த திராட்சை 5 பவுண்டு. சிறிய கறுப்புத் திராட்சை ஒன்றரைப் பவுண்டு. சர்க்கரைப்பாகில் ஊறிய சிட்ரன் பழத்தோல் ஒன்றரைப் பவுண்டு. பிராந்தி அரை பைண்ட், கரும்புப்பாகு அரை பைண்ட். இரண்டு ஜாதிக்காய், கிராம்பு, ஜாதிபத்திரி, பட்டை. முட்டை 19. எல்லாம் சேர்ந்தால் எட்டு கிலோவை ஒட்டி வரும். இவ்வளவு பெரிய பண்டத்திற்கு அவர் எழுதிய செய்முறையோ நான்கைந்து துண்டு வாக்கியங்கள், இடையிடையே அவருக்கே உரிய கோடுகள். வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்கவும். முட்டைகளை அடிக்காமல் சேர்த்து, பிறகு மீண்டும் அடிக்கவும். கேக் தட்டுகளில் இரண்டரை அல்லது மூன்று மணி நேரம், பால் சட்டி நிறைய ஊற்றினால் ஐந்து முதல் ஆறு மணி நேரம் சுடவும். மற்றதெல்லாம் தோழிக்குத் தெரியும் என்று விட்டுவிட்டார். எந்த அளவுச் சூடு, எப்போது பதம் என்பனவற்றை எழுதவில்லை. முன்பின் அறியாதவருக்கு எழுதும் செய்குறிப்பு அவ்வாறு இராது.

இந்தத் தாளைக் கணினித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பிஸ்கட் டப்பா நினைவுக்கு வந்தது. நண்பருக்கு இந்தக் கேக்கைச் செய்து கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். மன்னிப்புக் கடிதம் எழுதும் துணிவு இல்லாதவர்கள் செய்யும் வேலை இது என்று வாசகர் நினைத்தால், அது சரிதான்.

முதல் இடர் எண்ணில் வந்தது. 19 பகா எண், எதனாலும் வகுபடாது. பாதியாக்கினால் ஒன்பதரை முட்டை. கடைசியில் மூன்று முட்டைக்கு மற்றவற்றைக் கணக்கிட்டோம். மாவு, சர்க்கரை, வெண்ணெய் தலா 145 கிராம்; உலர்ந்த திராட்சை 360; கறுப்புத் திராட்சையும் சிட்ரனும் தலா 110. அடுத்த இடர் சிட்ரன். கடைகளில் 'டூட்டி ஃபுரூட்டி' கிடைக்கிறது. அது சாயமேற்றிய பப்பாளிக்காய். அகராதியைப் புரட்டினால் சிட்ரன் என்பது நம் நார்த்தங்காயேதான். உப்பிட்டு வெயிலில் காயவைத்து, காய்ச்சலில் கிடந்தவனுக்குக் கஞ்சியோடு கொடுப்பார்களே, அதே காய். ஆம்ஹர்ஸ்ட் சமையலறையில் அது பாகில் ஊறிக்கிடந்தது என்பதை அறிந்தபோது எமிலி டிக்கின்சன் சட்டென்று பக்கத்துத் தெருவுக்குக் குடிவந்துவிட்டார். தோலை மூன்று முறை நீர் மாற்றி வேகவைத்துக் கசப்பை இறக்கி, சர்க்கரைப்பாகில் போட்டு, இரண்டு நாள் விட்டோம். கரும்புப்பாகுக்கு வெல்லப்பாகு. பிராந்தியைப் பற்றி வேண்டாம்; கல்லூரி ஆசிரியர் ஒருவர் டாஸ்மாக் வரிசையில் தம் மாணவனுக்குப் பின்னால் நிற்பது அறத்தின்பாற்பட்டதா என்னும் வினாவைப் பன்னீர்த் திராட்சைச் சாறு தீர்த்துவைத்தது.

சொல்லைப் பற்றியும் ஒரு சிறு குறிப்பு. அவித்தல், வறுத்தல், பொரித்தல், வதக்கல், வாட்டல், சுடுதல் எனச் சமையல் வினைகளில் தமிழ் செல்வம் மிக்கது. ஆனால் மூடிய சூட்டுக்குள் மாவை வைத்து உப்பவிட்டு வேகவைக்கும் இச்செயலுக்குத் தனிவினை இல்லை. ஈழத்தார் அடுப்பைப் 'போறணை' என்கிறார்கள். போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொல். தமிழ்நாட்டில் 'அடுமனை' என்று பெயர்ப்பலகைகள் இப்போது கண்ணில் படுகின்றன. 'அடு' என்னும் வினைக்குச் சமைத்தல் என்றும் பொருள், கொல்லுதல் என்றும் பொருள். அடிசிலும் அதிலிருந்து வந்ததே, அடுகளமும் அதிலிருந்து வந்ததே. மதிப்புரை எழுதுவோருக்கு மிகவும் ஏற்ற வினைச்சொல்.

கேக்கை ஓவனில் வைத்தது ஒரு சனிக்கிழமை முற்பகல். வைத்த ஐம்பதாவது நிமிடத்தில் மின்சாரம் நின்றது.

வெண்ணெயையும் சர்க்கரையையும் அடிப்பது இனிப்பைக் கலப்பதற்காக மட்டுமன்று. சர்க்கரைத் துகள்கள் வெண்ணெயைக் கீறிக்கீறிக் காற்றை உள்ளே அடைக்கின்றன. சோடா உப்பு வெல்லப்பாகின் புளிப்போடு சேர்ந்து வாயுவை வெளியிடுகிறது. சூட்டில் அக்குமிழிகள் விரிய, கலவை எழும்புகிறது. எழும்பிய நிலையிலேயே முட்டையின் புரதமும் மாவின் பசையும் இறுகிச் சுவராக நின்றுவிட வேண்டும். சுவர் இறுகுமுன் சூடு தணிந்தால் கூரை உட்காரும். ஓவனின் கண்ணாடி வழியே, கைவிளக்கு வெளிச்சத்தில், நடுப்பகுதி மெல்லக் குழிவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். செய்வதற்கு ஒன்றும் இல்லை. திறந்தால் இருக்கிற சூடும் போய்விடும். இருபத்தைந்து நிமிடம் கழித்து மின்சாரம் வந்தது. மேலும் ஒரு மணி நேரத்திற்கு மேல் விட்டுப் பார்த்தோம். விளிம்பு நன்றாக வெந்தது. நடு அப்படியே நின்றுவிட்டது.

எழுதுகிறவன் பழகியிராத நிலைமை இது. எழுத்தில் திருத்தம் உண்டு. கடைசி மெய்ப்புப் பார்க்கும் வரை உண்டு. எமிலி டிக்கின்சன் இதில் இன்னும் ஒரு படி மேலே போனவர். அவர் கைப்பிரதிகளில் ஒரு சொல்லின் மேல் சிறு கூட்டல் குறி இருக்கும். கவிதையின் அடியில் அதற்கு மாற்றாக இரண்டு மூன்று சொற்கள் எழுதியிருப்பார். எது வேண்டும் என்று தீர்மானிக்காமலே தாளைத் தைத்து வைத்துவிடுவார். ரொட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியவர், அடுப்பின் முன்னால் ஒவ்வொரு நாளும் உடனுக்குடன் தீர்மானித்தவர், கவிதையில் மட்டும் தீர்மானத்தைத் தள்ளிப்போட்டார். ஆனால் அதே கவிதையை ஒரு தோழிக்குக் கடிதத்தில் அனுப்ப நேரும்போது? அப்போது ஒரு சொல்லைத் தேர்ந்துதான் ஆகவேண்டும். தேர்ந்திருக்கிறார். ஒரே கவிதை ஒருவருக்கு ஒரு சொல்லோடும் மற்றவருக்கு வேறொரு சொல்லோடும் போயிருப்பதற்குச் சான்றுகள் உண்டு. பெறுபவர் ஒருவர் எதிரே இருக்கிறார் என்பதே சொல்லை முடிவு செய்கிறது. நாம் சொல்ல வந்தது இதுதான். நண்பருக்குச் சமைப்பதில் சிந்தனைக்கு உரியது சமையல் அன்று. நண்பர் என்னும் சொல்.

உட்கார்ந்திருந்த அந்த இருபத்தைந்து நிமிடத்தில் மதிப்புரையின் கடைசிப் பத்தி நினைவுக்கு வந்தது. அதை யாருக்காக எழுதினோம்? நண்பருக்காக அல்ல. நண்பருக்குச் சொல்ல வேண்டியவை முந்தைய பத்திகளிலேயே முடிந்துவிட்டன. பகடி, கூட்டத்தில் கைகுலுக்கப்போகும் அந்த முன்பின் அறியாதவருக்காக. நண்பரின் கவிதைகள் முடிந்த பிறகும் நான்கு வரி நீள்கின்றன என்று குறை சொன்ன மதிப்புரை, தானும் முடிந்த பிறகு ஒரு பத்தி நீண்டிருந்தது!

எமிலிக்கும் மதிப்புரையாளர் இருந்தார். அண்ணன் மனைவி சூசன். பக்கத்து வீடு, நடுவில் தோட்டம். தம் கவிதைகளில் இருநூறுக்கும் மேற்பட்டவற்றை எமிலி அவருக்கு அனுப்பியிருக்கிறார். 1861இல், கல்லறைக்குள் பத்திரமாகத் துயில்வோரைப் பற்றிய கவிதை ஒன்றின் இரண்டாம் பகுதி சூசனுக்குப் பிடிக்கவில்லை. எமிலி வேறொன்று எழுதி அனுப்பினார். அதுவும் முதற்பகுதியோடு ஒட்டவில்லை, முதற்பகுதி தன்னளவிலேயே நிறைவுடையது, அதற்கு இணை தேட வேண்டாம் என்னும் கருத்தில் சூசன் பதில் எழுதினார். மேலும் மாற்று முயற்சிகள் நடந்தன. மறு ஆண்டு மார்ச்சில் கவிதை செய்தித்தாளில் வந்தபோது இருந்தது பழைய இரண்டாம் பகுதிதான். சூசனின் தீர்ப்பு நம்முடையதைவிட மென்மையானது அன்று. ஒரு கவிஞரிடம் உன் கவிதையில் பாதி வேண்டாம் என்று சொல்வதைவிடக் கடுமை வேறென்ன? ஆனாலும் கவிதைகள் தோட்டத்தைக் கடந்து போய்க்கொண்டேயிருந்தன. அவர்களுக்குள் வேறு மனத்தாங்கல்கள் வந்ததுண்டு. இதனால் வந்ததாகத் தெரியவில்லை. அந்தக் கடுஞ்சொல்லைக் கேட்டவர் ஒருவர்தான். உடன் சிரிக்க ஆளில்லை.

இதற்காக, மதிப்புரைகளை எல்லாம் மடலாக்கி அஞ்சலில் சேர்த்துவிடலாம் என்று சொல்ல வரவில்லை. வெளிப்படையான விமரிசனம் இல்லாத மொழியில் இலக்கியம் முகத்துதியாகிவிடும். தமிழில் அதற்குப் போதுமான எடுத்துக்காட்டுகள் ஆண்டுதோறும் புத்தகக் கண்காட்சியில் வெளியாகின்றன. நம் எண்ணம் சிறியது. அச்சுக்குப் போகும் ஒவ்வொரு வாக்கியத்தையும், அந்த நூலாசிரியரின் வீட்டுக் கூடத்தில் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளலாம். கடுமையான வாக்கியங்களில் பெரும்பாலானவை இதில் தேறிவிடும் என்பது நம் துணிபு. தேறாதவை பெரும்பாலும் அழகானவையாக இருக்கும்.

இவ்வளவையும் அன்று மாலையே வீட்டில் சொன்னோம், சற்றுப் பெருமிதத்தோடு. மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். வெண்ணெயும் வெல்லப்பாகும் ஒட்டிய பாத்திரங்கள் எளிதில் விடுவதில்லை. "எனக்கும் இப்படி ஒத்தப் பண்டத்துக்கு முன்னால மூணு மணி நேரம் சும்மா உக்கார வாய்ச்சா, நானும் யோசிப்பேங்க" என்றார். குரலில் கோபமில்லை. அதனால்தான் பதில் சொல்ல முடியவில்லை.

இக்கூற்றுக்கு ஆம்ஹர்ஸ்டிலும் சான்று உண்டு. ஈஃபா மரீ என்னும் ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட நூல், அவ்வீட்டுப் பணியாளர்களைப் பற்றியது. 1865இல் நெடுநாள் பணிப்பெண் திருமணமாகிச் சென்ற பின், 1869இல் அயர்லாந்துப் பெண்ணான மார்கரெட் மாஹர் வந்து சேரும் வரை நிலையான பணியாள் இல்லை. எமிலியின் கவிதை எண்ணிக்கை சரிந்த காலமும் அதுவே. 1865இல் மட்டும் இருநூறுக்கும் மேல் எழுதியவர் அடுத்த ஆண்டுகளில் ஆண்டுக்குச் சில கவிதைகள் என்று ஆனார். வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால் ரொட்டி சுடுவது கவிதைக்கு ஊற்று என்பவர்கள், நாள்தோறும் அடுப்பும் கழுவுதொட்டியும் முழுதாகத் தலையில் விழுந்தபோது அந்த ஊற்று என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விரும்பியபோது ஒருவருக்காகச் செய்வது வேறு, மூன்று வேளையும் எல்லோருக்காகவும் செய்வது வேறு. நாம் செய்தது முன்னது. எமிலியின் கையெழுத்துப் பிரதிகள் மாஹரின் பெட்டியில்தான் பாதுகாக்கப்பட்டிருந்தன என்றும், எரித்துவிடச் சொன்னதை அவர் கேட்கவில்லை என்றும் ஒரு செய்தி உண்டு. அது உண்மையாயின், பாத்திரம் கழுவிய கைகளுக்கு உலகக் கவிதை கொண்டிருக்கும் கடன் பெரிது. மறுநாள் பாத்திரங்களை நாம் கழுவினோம். இதை எழுதிப் பெயர் வாங்குவதற்காகச் சொல்லவில்லை. ஒரு நாள் கழுவியதற்கு என்ன பெயர்.

குழிந்த கேக்கைக் கொண்டுபோவதா என்று ஒரு வாரம் தயங்கினோம். உலர்பழக் கேக்கின் நல்ல குணம், தயங்குபவர்களுக்காக அது காத்திருக்கும். பாகும் பழமும் மிகுந்திருப்பதால் கெடாது. நாளாக நாளாகச் சுவை ஏறும். கடையில் நல்லதாக ஒன்று வாங்கிப்போகலாம் என்றும் தோன்றியது. ஆனால் கடைக் கேக்கை வைத்துவிட்டு என்ன பேசுவது? இறுதியில் எண்ணெய்த் தாளில் சுற்றி, ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்து, மடியில் ஏந்திக்கொண்டு மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறினோம். கோவில்பட்டியில் பக்கத்து இருக்கைக்காரர் டப்பாவைக் கீழே வைக்கச் சொன்னார். வைக்கவில்லை. ஆரல்வாய்மொழி தாண்டியதும் காற்றாலைகளைப் பார்த்தபோது இறங்கித் திரும்பிவிடலாமா என்றிருந்தது.

குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாட்டு ஒன்று உண்டு; 167ஆம் பாடல். ஆண்டுதோறும் நடத்துகிறோம். புதிதாக மணமான பெண் புளித்த தயிரைப் பிசைந்து குழம்பு வைக்கிறாள். விரலைத் துடைத்த ஆடையை மாற்றவில்லை, தாளிப்பின் புகை கண்ணில் ஏறியிருக்கிறது. கணவன் உண்டு, இனிது என்கிறான். அவள் முகம் மிக நுட்பமாக மலர்கிறது. கண்டு வந்த செவிலி நற்றாயிடம் சொல்கிறாள். இத்தனை ஆண்டும் இதை இல்லற இன்பம் என்று நடத்தித் தேர்வுத்தாளும் திருத்தியாயிற்று. நண்பர் வீட்டுக் கூடத்தில் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. குழம்பு நன்றாக இருந்தது என்று கவிஞர் எங்கும் சொல்லவில்லை. அவன் அப்படிச் சொன்னான் என்றுதான் சொல்கிறார். அந்தப் பெண் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்ற கணத்தின் அச்சத்தை நாம் ஒரு முறைகூட வகுப்பில் பேசியதில்லை.

நண்பர் டப்பாவைப் பார்த்தார். நம்மைப் பார்த்தார். உள்ளே போய்க் கத்தி எடுத்துவந்து, விளிம்பிலிருந்து அல்ல, நேரே நடுவில் வெட்டினார். ஒரு துண்டை வாயிலிட்டு மெதுவாக மென்றார்.

"மக்கா, நடுவுல வேகல்லியே."

"ஆமாம். கரண்ட் போயிட்டு."

"போனதுக்கு முந்தியே ஓவன் சூடு பத்தாம இருந்திருக்கும். பழம் எல்லாம் அடியில போய்க் கெடக்கு பாரு. மாவுல புரட்டிப் போட்டிருக்கணும். அம்மா அப்படித்தான் செய்வா."

தொடர்ந்து கால் மணி நேரம் கேக்கின் குறைகளைச் சொன்னார். வெல்லம் சற்று முந்துகிறது, கிராம்பு அதிகம், நார்த்தங்காய் மட்டும் தேவலை. ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. பகடி ஒன்றும் இல்லை. முடித்துவிட்டு விளிம்பிலிருந்து இன்னொரு துண்டு வெட்டிக்கொண்டார். நமக்கும் ஒன்று தந்தார். மதிப்புரையைப் பற்றி அவரும் கேட்கவில்லை; கடைசிப் பத்தியை எழுதியிருக்கக் கூடாது என்று நாம்தான், பேருந்து நிலையத்துக்கு அவர் வண்டியின் பின்னால் உட்கார்ந்து போகும்போது, முதுகைப் பார்த்துச் சொன்னோம். இரைச்சலில் கேட்டதா என்று தெரியவில்லை. வண்டி கொஞ்சம் மெதுவாயிற்று.

மறுநாள் இரவு கைப்பேசியில் அழைத்தார். நடுப்பகுதியை வீணாக்கவில்லையாம், துண்டுதுண்டாக வெட்டித் தோசைக்கல்லில் வெண்ணெய் தடவிப் போட்டு, இருபுறமும் கருக வாட்டித் தின்றார்களாம். பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்ததாம்.